2000 சிசி எங்கிருந்து வந்தது? செடான் கார் வாங்கும் சித்தப்பாவும் சில வரிக் கணக்குகளும்

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். இத்தனை வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பெரிய செடான் வாங்கப் போகிறாராம். ஷோரூமில் ஒரே காரை இரண்டு எஞ்சினோடு காட்டியிருக்கிறார்கள். ஒன்று 2 லிட்டர், இன்னொன்று 3 லிட்டர். விலையில் பல லட்சம் வித்தியாசம். "டேய், நீதான் காமர்ஸ் படிக்கிறியே, எதை எடுக்கறதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார். எஞ்சினுக்கும் காமர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது சிரிப்புத்தான் வந்தது. படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. இதில் மெக்கானிக்கல் பசங்களை விட நம்ம ஆட்களுக்குத்தான் வேலை அதிகம் போலிருக்கிறது!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஊர் உலகத்தில் உள்ள சொகுசு செடான்கள் எல்லாம் ஏன் 2 லிட்டர் என்ற இடத்தில் வந்து நிற்கின்றன? 1.9 இல்லை, 2.2 இல்லை. ஸ்பெசிஃபிகேஷன் தாளை எடுத்துப் பாருங்கள்: 1991 சிசி, 1996 சிசி, 1998 சிசி. 99 ரூபாய் 95 காசு என்று செருப்புக் கடையில் விலை போடுவது மாதிரி இருக்கிறது அல்லவா? எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது, எல்லோரும் அதைத் தாண்டாமல் நின்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தக் கோட்டைப் போட்டவர் எஞ்சினியர் இல்லை, வரி போடுகிறவர். இந்தப் பதிவு அந்தக் கோட்டைப் பற்றியது.

கதை பிரிட்டனில் ஆரம்பிக்கிறது. அங்கே 1910 முதல் காருக்குக் குதிரைத்திறன் பார்த்து வரி. 1921 ஜனவரியிலிருந்து கணக்கு இன்னும் எளிது: ஒரு குதிரைத்திறனுக்கு வருடம் ஒரு பவுண்டு. ஆனால் எஞ்சினை ஓடவிட்டு அளக்க எந்த அலுவலகத்துக்கும் நேரம் இல்லை. அதனால் ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடு, அதை வர்க்கமாக்கு, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு, 2.5-ஆல் வகு. அவ்வளவுதான். பிஸ்டன் எவ்வளவு நீளம் மேலும் கீழும் ஓடுகிறது என்பது கணக்கிலேயே இல்லை.

இதில் முதலில் அடிபட்டது ஃபோர்டின் மாடல் டி. மான்செஸ்டரிலேயே தயாரான கார்தான். ஆனால் அதன் சிலிண்டர் 3¾ அங்குல விட்டம். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 22.5 வரும். வருட வரி 23 பவுண்டு. உண்மையில் அந்த எஞ்சின் தந்ததோ சுமார் 20 குதிரைத்திறன்தான்! இல்லாத குதிரைக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறார்கள். 1922-ல் வந்த ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு போதும்.

பிரிட்டிஷ் கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. விட்டத்தைத் தானே அளக்கிறாய்? சரி, விட்டத்தைச் சுருக்கி ஓட்டத்தை நீட்டுகிறேன். ஆஸ்டின் செவனின் சிலிண்டர் 56 மி.மீ. விட்டம், 76 மி.மீ. ஓட்டம். ஒல்லியாக, நெட்டையாக ஒரு குழாய். கொஞ்சம் வசதியான குடும்பங்கள் வாங்கிய செடான்களும் இதே ரகம். 1937-ல் வந்த வுல்ஸ்லி 12/48 என்ற காரின் பெயரைப் பாருங்கள். 12 என்பது வரிக்குச் சொல்லும் குதிரைத்திறன், 48 என்பது ரோட்டில் ஓடும் குதிரைத்திறன். இரண்டு நோட்டு வைத்துக் கணக்கு எழுதுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே காரின் முதுகிலேயே இரண்டையும் எழுதிவிட்டார்கள். :)

ஓட்டம் நீண்டால் பிஸ்டன் அதிக தூரம் ஓட வேண்டும். வேகமாகச் சுற்றினால் தேய்மானம் அதிகம். லண்டன் தெருக்களில் அது பெரிய குறையாகத் தெரியாது. வெளிநாட்டின் நீண்ட சாலைகளில் மணிக்கணக்காக விரட்டும்போதுதான் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஏற்றுமதி செய்தால்தான் பிழைப்பு என்று நாடு நின்றபோது இது பெரிய பிரச்சினை ஆனது. 1947-ல் புதிய கார்களுக்கு சிசி கணக்கில் வரி போட்டுப் பார்த்தார்கள். 1948 ஜனவரியிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 10 பவுண்டு என்று முடித்தார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் பிரிட்டிஷ் வம்சம்தான். விட்டம் 73 மி.மீ., ஓட்டம் 89 மி.மீ. வரி ஒழிந்தாலும் வரைந்து பழகிய கை சட்டென்று மாறவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் மட்டும்தான்.

சரி, இப்போது ஜப்பான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே காரின் வகுப்பு தெரியும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் 5-ல் தொடங்கினால் சின்ன கார், 3-ல் தொடங்கினால் பெரிய கார். நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், உயரம் 2 மீட்டர், பெட்ரோல் எஞ்சின் 2000 சிசி. இதில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் கார் 3-ம் நம்பருக்குப் போய்விடும். 1960 வரை எஞ்சின் வரம்பு 2000 இல்லை, 1500 சிசிதான். அதனால்தான் 1955-ல் டொயோட்டா முதல் கிரவுன் செடானைக் கொண்டுவந்தபோது அதற்கு 1453 சிசி எஞ்சின், 48 குதிரைத்திறன்.

ஜப்பான் ரோட்டுக்கு அது போதும். ஆனால் 1957-ல் இரண்டு கிரவுன்களைக் கப்பலில் ஏற்றி கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் விற்பனை தொடங்கியது. அங்கே நெடுஞ்சாலையில் ஏறியதும் கார் மூச்சு வாங்கிவிட்டது. அமெரிக்கர்களின் வேகத்தில் அந்த எஞ்சினால் ஓட முடியவில்லை. சில வருடங்களிலேயே அங்கே கிரவுனை அனுப்புவதை நிறுத்தவேண்டி வந்தது. இன்று உலகத்துக்கே கார் விற்கும் கம்பெனியின் முதல் அமெரிக்கப் பயணம் இப்படித்தான் முடிந்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உள்ளூர்ச் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை வெளியூரில் இறுக்கிப் பிடித்தது என்பது உண்மை.

1960-ல் வரம்பு 2000 சிசிக்கு உயர்ந்தது. உடனே அதே வருடம் 1.9 லிட்டர் கிரவுன் வந்துவிட்டது! 1965-ல் 1988 சிசியில் ஆறு சிலிண்டர். ஆறால் வகுத்துப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 331 சிசி. இந்தியாவில் விற்கும் ஒரு 350 சிசி புல்லட்டின் ஒற்றை சிலிண்டரை விடச் சின்னது. பெரிய எஞ்சின் வைக்க வழியில்லை, சொகுசு வேண்டும். அதனால் சின்னச் சின்ன சிலிண்டர்களை வரிசையாக வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். சொகுசு என்றால் பலம் இல்லை, சத்தமில்லாமல் ஓடுவது என்று ஒரு தலைமுறை ஜப்பானியர்கள் பழகியது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எதற்கு இவ்வளவு பாடு? பணத்தைப் பாருங்கள். 1980-களின் கடைசியில் 2 லிட்டர் வரை உள்ள 5-ம் நம்பர் காருக்கு வருட வரி 39,500 யென். எஞ்சின் கொஞ்சம் தாண்டி 3-ம் நம்பருக்குப் போனால் 81,500 யென். ஒரு சிசியில் இரண்டு மடங்கு! வாங்கும்போது கட்டும் பொருள் வரியும் சின்ன காருக்கு 18.5%, பெரிய காருக்கு 23%. இதைத்தான் நாங்கள் வகுப்பில் ஸ்லாப் என்று படிக்கிறோம். வருமான வரியில் ஸ்லாப் தாண்டினால் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி. இங்கே அப்படி இல்லை, தாண்டினால் மொத்தத்துக்கும் அடி. அது படிக்கட்டு இல்லை, பாறை விளிம்பு. விளிம்பு இருந்தால் அதன் ஓரத்தில் கூட்டம் நிற்கத்தானே செய்யும்?

நின்ற கூட்டம் சும்மா நிற்கவில்லை. 1979 டிசம்பரில் நிசான் தன் செட்ரிக் செடானில் டர்போ பொருத்தியது. ஜப்பானின் முதல் டர்போ கார் ஒரு பந்தயக் கார் இல்லை, அப்பாக்கள் ஆபீஸுக்குப் போகும் பெரிய செடான்! அதே 2 லிட்டர் ஆறு சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணித்து 145 குதிரைத்திறன் எடுத்தார்கள். 1985-ல் டொயோட்டா கிரவுனின் 2 லிட்டர் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் வைத்தது. வரி அதிகாரி பார்ப்பது சிலிண்டரின் கொள்ளளவை, உள்ளே போகும் காற்றை இல்லை. பிரிட்டனில் ஓட்டத்தை நீட்டிய அதே புத்திதான், இங்கே வேறு உருவில். வண்டியின் வெளிப்புறமும் அப்படியே. 1.7 மீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது என்பதால் பெரிய செடான்கள் எல்லாம் நீளமாக, ஒடுக்கமாக இருந்தன. 3-ம் நம்பர் மாடலுக்கு அதே உடம்பில் பெரிய பம்பர் மாட்டி கௌரவம் சேர்த்தார்கள்.

பெரிய வெளிநாட்டுக் கார்களை இந்த வரி வாசலிலேயே நிறுத்துகிறது என்று வெளியிலிருந்தும் புகார். 1989 ஏப்ரலில் பொருள் வரியை எடுத்துவிட்டு, எல்லாப் பொருளுக்கும் 3% நுகர்வு வரி கொண்டுவந்தார்கள் (காருக்கு மட்டும் தற்காலிகமாக 6%). வருட வரி இனி எஞ்சின் அளவை மட்டும் பார்த்து, சின்னச் சின்னப் படிகளாக. 2 முதல் 2.5 லிட்டருக்கு 45,000 யென், 3 லிட்டர் வரை 51,000 யென். விளிம்பு படிக்கட்டாகிவிட்டது.

அடுத்த வருடமே நடந்ததைக் கேளுங்கள். 1990-ல் மிட்சுபிஷி டயமன்டே என்ற செடானைக் கொண்டுவந்தது. அகலம் 1775 மி.மீ., எஞ்சின்களில் ஒன்று 2.5 லிட்டர் வி6. அந்த ஆண்டின் ஜப்பான் சிறந்த கார் விருது அதற்குத்தான். டொயோட்டாவும் அதே வருடம் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டரை இறக்கியது. இத்தனை வருடம் 2 லிட்டர் போதும் என்று வாங்கிய அதே ஜப்பானியர்கள்தான் 2.5-க்கு மாறினார்கள். அப்படியானால் முன்பு அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தது எது? டிமாண்ட் கர்வ் வரையும்போது "நுகர்வோர் விருப்பம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். இனி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை கூசும்.

இத்தாலியைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே 1980-களில் 2000 சிசியைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரி 38%, உள்ளே இருந்தால் ஏறக்குறைய அதில் பாதி. மசராட்டி நான்கு கதவு செடானை வெளிநாட்டுக்கு 2.5 லிட்டரில் 425 என்றும், சொந்த நாட்டுக்கு 2 லிட்டரில் 420 என்றும் செய்தது. சீனா 2008 செப்டம்பரில் 4 லிட்டருக்கு மேற்பட்ட கார்களின் வரியை 20-லிருந்து 40 சதவீதமாக்கியது. பின்னாளில் பிஎம்டபிள்யூவின் மிகப் பெரிய 7 சீரிஸ் செடான் கூட அங்கே நான்கு சிலிண்டர் 2 லிட்டரோடு விற்பனைக்கு வந்தது.

இதற்குள் காரின் பின்னால் ஒட்டும் எண்ணுக்கும் அர்த்தம் போய்விட்டது. மெர்சிடிஸ் சி 200 என்றால் 1990-களில் 1998 சிசி. 2000-களில் அதே பெயருக்கு 1796 சிசி. 2018-ல் 1497 சிசி. பெயர் மட்டும் அப்படியே.

இந்தியாவிலும் விளிம்புகள் உண்டு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2000 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த மாதமே மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினோடு வந்து நின்றது! 2016 ஆகஸ்டில் ஒரு சதவீதக் கட்டணத்தோடு தடை நீங்கியது. 2017-லிருந்து ஜிஎஸ்டியில் 1500 சிசிக்கு உட்பட்ட நடுத்தர செடானுக்கு செஸ்ஸோடு சேர்த்து 45%, அதைத் தாண்டினால் 48%. 2025 செப்டம்பர் 22-ல் செஸ் போய்விட்டது. நாலு மீட்டருக்கு மேல் நீளமான பெட்ரோல், டீசல் செடான் எந்த எஞ்சினாக இருந்தாலும் 40%. தமிழ்நாட்டுச் சாலை வரியோ விலையைப் பார்க்கிறது, சிசியைப் பார்ப்பதில்லை.

ஆக, சித்தப்பாவின் 2 லிட்டருக்கும் 3 லிட்டருக்கும் வரி விகிதம் ஒன்றுதான். அவருக்கு முன்னால் இருக்கும் 2 லிட்டர் வேறு ஊர்களின் பழைய கோடுகளுக்குப் பயந்து வளர்ந்த குழந்தை. ஆனால் டர்போ புண்ணியத்தில் ஊருக்குள் ஓட்ட அதுவே தாராளம். கோடு இன்னும் இருக்கிற ஒரு இடம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், 1500-ஐத் தாண்டினால் 7,897. இவர் பார்க்கும் இரண்டுமே அதைத் தாண்டியவைதான்.

எல்லாவற்றையும் போனில் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிடா, அஞ்சு பேர் உட்கார்ந்து ஏசி போட்டுக்கிட்டு ஏற்காடு ஏறுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் டிரைவுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.