ஷட்டர் வேகம்

கேமராவின் உணரி அல்லது படச்சுருள் மீது ஒளி விழும்படி ஷட்டர் எனப்படும் திரை திறந்திருக்கும் கால அளவே ஷட்டர் வேகம் ஆகும். 1/60, 1/125, 1/250 என நொடியின் பின்னங்களாகக் குறிக்கப்படும் இவ்வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தையதில் ஏறத்தாழப் பாதி ஒளியையே உள்ளே விடுவதால், வேகத்தைக் கூட்டும்போது அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளையை அகலப்படுத்தியோ, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறனை உயர்த்தியோ அவ்விழப்பை ஈடுகட்ட வேண்டியுள்ளது.

மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையைப் படமெடுத்த காலத்தில், அவர் பெரிதும் பயன்படுத்திய மெழுகூட்டிய காகித நெகட்டிவுகளின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு என்பதால், அவற்றின் மீது நீண்ட நேரம் ஒளி விழ வேண்டியிருந்தது. லென்ஸ் மூடியைக் கையால் அகற்றி மீண்டும் மூடும் அக்கால வழக்கமே அவற்றுக்குப் போதுமாயிருந்தது. அத்தனை நீண்ட நேரத்தில் நடந்து கடப்போர் படத்தில் தடமே பதிப்பதில்லை. அக்காலப் படங்களில் கோயில்களும் மண்டபங்களும் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 21 கி.மீ. தொலைவிலுள்ள அழகர்கோவிலிலிருந்து சித்திரைத் திருவிழாவில் புறப்படும் கள்ளழகர், வழிநெடுக மண்டகப்படிகள் எனப்படும் தங்குமிடங்களில் எழுந்தருளி, பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரையில் வைகையில் இறங்கும் நிகழ்வில் ஷட்டர் வேகத்தின் சிக்கல்கள் பலவற்றை ஓரிரவுக்குள் காணலாம். துருத்தி எனப்படும் தோல்பையிலிருந்து அடியவர் பீய்ச்சும் தண்ணீர் நொடிக்கு 5 மீட்டர் செல்வதாகக் கொண்டால், 1/60 நொடியில் ஒரு துளி சுமார் 8 செ.மீ. நகர்ந்து கோடாகிவிடும், 1/1000 நொடியிலோ அரை செ.மீ. மட்டுமே நகர்வதால் துளியாகவே பதிவாகும். ஆயினும் இவ்விரு வேகங்களுக்கிடையே ஒளி ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகக் குறைவதாலும், விடியல் வெளிச்சம் இயல்பிலேயே மங்கலாக இருப்பதாலும், ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் படத்தில் மிகும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அசைவை நிறுத்திக் காட்டுவதே சிறப்பு என்னும் எண்ணம் பரவலாக உண்டெனினும், திரி எனப்படும் தீப்பந்தத்தை ஏந்தி ஆடும் அடியவரின் சுடருக்கு 1/15 அல்லது 1/30 நொடியே பொருந்தும். ஆட்டத்தின் வீச்சு அதில் வளைகோடாகத் தெரியும், அதிவேகத்தில் ஒரு சிறு தீநாக்கு மட்டுமே எஞ்சும்.

குறைந்த வேகத்தில் கையின் நடுக்கமும் படத்தைக் குலைக்கும். 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடிக்குக் குறையலாகாது என்னும் பழைய கணக்கை, முக்காலிக்கு இடமில்லாது தோள்கள் இடிபடும் அந்நெரிசலில் மேலும் உயர்த்திக்கொள்வதே சரி. லென்ஸிலுள்ள அதிர்வுக் கட்டுப்பாடு கைநடுக்கத்தைத் தணிக்குமேயன்றி எதிரே ஆடுபவரின் அசைவைத் தணிக்காது. மண்டகப்படி விளக்குகள் தரும் தொல்லை வேறு வகையானது. இந்தியாவின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதாகையால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறியிறங்குகிறது. 1/100 நொடியினும் விரைவாக எடுத்தால் அடுத்தடுத்த படங்கள் வெளிச்சத்தில் மாறுபடுவதோடு, மின்னணு ஷட்டர் உள்ள கேமராக்களில் குறுக்கே பட்டைகளும் விழக்கூடும் என்பதால், அங்கு 1/50 அல்லது 1/100 நொடியைத் தாண்டாதிருப்பது நலம்.