மேனேஜரா, பூட்ஸா? – ஹைதராபாத் கால்பந்து சொல்லும் பாடம்

ஹைதராபாத் என்றால் சார்மினார், பிரியாணி, கிரிக்கெட்டில் அசாருதீனும் லக்ஷ்மணும். பிழைப்புக்காக இங்கே வந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஊர் ஒரு காலத்தில் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்தது தெரியும்? தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணிக்குப் புது மேனேஜரை எப்படித் தேடுவது என்ற கேள்விக்கு நல்ல பதில், கெட்ட பதில் இரண்டுமே இந்த ஊர் வரலாற்றில் இருக்கின்றன. (கால்பந்தில் மேனேஜர் என்றால் பயிற்சியாளர். எங்கள் வங்கி மேனேஜர் மாதிரி கையெழுத்துப் போடுகிற வேலை இல்லை :-))

பழைய கதையிலிருந்து வருவோம். சையது அப்துல் ரஹீம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அந்த வருடம் தொடங்கி 1954 வரை, தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே. கல்கத்தாக்காரர்கள்தான் கால்பந்தின் ராஜா என்றிருந்த காலம் அது.

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். ஆனால் அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று மண்ணைக் கவ்வினோம். இன்றைக்கு என்றால் ஊர் திரும்புவதற்குள் வேலை போயிருக்கும். அன்று என்ன நடந்தது? நம் ஆட்களில் பெரும்பாலோர் அங்கே வெறுங்காலோடு ஆடியவர்கள். அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. 1956-ல் மெல்போர்னுக்கு அணியை அழைத்துப் போனவர் அதே ரஹீம்தான். நான்காவது இடம்! ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதைத் தாண்டி இன்று வரை போனதில்லை.

1962 ஜகார்த்தாவில் மறுபடியும் ஆசியத் தங்கம், இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பிறந்தது இதே ஹைதராபாதில். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடி வளர்ந்து, பிறகு மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் போனவர். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர். அடுத்த வருடம், 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயில் இறந்தார். அவருக்குப் பின் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் கிடைக்கவே இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2019-ல் ஐ.எஸ்.எல். போட்டியில் ஹைதராபாத் எஃப்சி பிறந்தது. முதல் வருடமே அடி. 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 10 புள்ளி, கடைசி இடம். இங்கிலாந்துக்காரர் ஃபில் பிரவுனை 2020 ஜனவரியில் பாதியிலேயே அனுப்பினார்கள். அடுத்த சீசனுக்கு ஆல்பர்ட் ரோகா என்று முடிவானது. அவரோ ஆகஸ்டில் பார்சிலோனா கூப்பிட்டது என்று கிளம்பிவிட்டார். அவசரமாகத் தேடிப் பிடித்தவர்தான் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ்.

பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைக் கட்டிக்கொண்ட கதைதான். ஆனால் அமோகமாக அமைந்தது. ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் போன்ற சின்னப் பையன்களை நம்பி இறக்கினார். முதல் வருடம் ஐந்தாவது இடம். அடுத்த வருடம், 2022 மார்ச் 20 அன்று கோவாவில், கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்று சாம்பியன். கோல்கீப்பர் கட்டிமணி மூன்று பெனால்டியைத் தடுத்தார். கொரோனாவால் அந்த சீசன் முழுக்கவே கோவாவில் நடந்தது. கச்சிபௌலி மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் வந்த கோப்பை!

2023-ல் மனோலோ எஃப்சி கோவாவுக்குப் போனார். அவருக்குத் துணையாக இருந்த தங்போய் சிங்டோ பொறுப்புக்கு வந்தார். அணியைத் தெரிந்தவர், அனுபவசாலி. ஆனால் அதற்குள் கிளப்பில் பணம் வற்றிவிட்டது. சம்பளப் பாக்கி. புது ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஃபிஃபா தடை போட்டது. வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, பையன்களை வைத்து ஒப்பேற்ற வேண்டிய நிலை. 2023-24 சீசனில் 22 ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் நம்ம சென்னையின் எஃப்சியிடம்! 8 புள்ளி, மறுபடி கடைசி. 2024-ல் உரிமையாளர் மாறினார், டிசம்பரில் சிங்டோவையும் அனுப்பினார்கள். 2025-ல் அணியே டெல்லிக்குப் போய், பெயரும் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது.

வங்கியில் இருப்பவனுக்கு இது புதிதில்லை. நஷ்டத்தில் ஓடும் கிளைக்குப் புது மேனேஜரைப் போடுவார்கள். வாராக் கடன் மேஜை மேல் குவிந்து கிடக்கும். ஆறு மாதத்தில் அவரையும் மாற்றுவார்கள். கடன் அப்படியே இருக்கும்.

1952-ல் குறை பூட்ஸில் என்று கண்டுகொண்டார்கள், ஆளை வைத்துக்கொண்டு பூட்ஸை மாற்றினார்கள். 2023-ல் குறை கல்லாப்பெட்டியில் இருந்தது, கடைசியில் வேலை போனதோ பயிற்சியாளருக்கு. மனோலோ ஜெயித்தது திறமையால்தான், சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் வராத அணியை வைத்துக்கொண்டு ரஹீம் சாகேபே வந்தாலும் என்ன செய்திருப்பார்?

இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு சென்னை அணி அப்பாவின் அணி. ஹைதராபாத் எஃப்சிதான் அவர்களுடைய அணியாக இருந்தது. அதைத்தான் டெல்லிக்குப் பறிகொடுத்திருக்கிறோம். ஐந்து ரோவர்ஸ் கோப்பை வாங்கிய ஊரில் ஒரு குழந்தை "நம்ம டீம் எது?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பயிற்சியாளர்கள் அல்ல.