மருத்துவச்சி முதல் நர்சிங் காலேஜ் வரை



பிள்ளைகளின் படிப்புக்காக நம்ம குழுக்களில் கடன் கேட்கும் தாய்மார்களில் பலர், "மகளை நர்சிங் சேர்க்கணும்" என்றுதான் சொல்றாங்க. ஒரு காலத்தில் "அந்த வேலைக்கா பொண்ணை அனுப்புறது?" என்று முகம் சுளித்த வீடுகள், இன்னைக்கு நகையை அடகு வச்சாவது அனுப்புகின்றன. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று எழுதும்படி மலர்க் குழு என்னைக் கேட்டது. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மருத்துவச்சியின் கை

ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் நம்ம ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பல ஊர்களில் முடிவெட்டும் சமுதாயத்துப் பெண்கள்தான் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தாங்க. நடுராத்திரி கூப்பிட்டாலும் வரணும். கூலி கொஞ்சம் நெல், ஒரு பழைய சேலை. வலி வரும்போது அவர் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டவர்களே, குழந்தை பிறந்த பிறகு தீட்டு என்று அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினாங்க.

அவர்களிடம் கைப்பழக்கமும் பொறுமையும் இருந்தது. ஆனால் கிருமி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலோ சாணியோ வைப்பாங்க. ஒரு வாரத்தில் பிள்ளை பால் குடிக்காமல் விறைத்துப்போகும். பேய் அடிச்சிருச்சு என்பாங்க. அது ரண ஜன்னி. தாய் ரத்தப்போக்கில் போனால், விதி என்பாங்க.

சென்னையில் தொடங்கிய படிப்பு

சென்னையில் 1844-ல் பிரசவத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுதான் பிறகு எழும்பூர் தாய் சேய் நல ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி வைக்க அரசு அனுமதி தந்தது. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 4 பேர்தான்.

அதே காலத்தில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் சென்னையில் இருந்தார். ஆண் டாக்டரிடம் போக முடியாமல் பெண்கள் சாவதைப் பார்த்து, முதலில் பிரசவம் பார்க்கப் படித்தார். பிறகு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் சேர்ந்த பெண்கள் 4 பேர். பெண்களுக்காக அவர் 1885-ல் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. கோஷா ஆஸ்பத்திரி என்றால் பெரியவங்களுக்குத் தெரியும்.

வேலூர்

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அப்பா டாக்டர், பாதிரியார். இளவயதில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் தனித்தனியாக வந்து, "என் மனைவிக்குப் பிரசவம் சிக்கல், நீ வந்து பாரும்மா" என்று ஐடாவைக் கூப்பிட்டாங்க. "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்" என்றார் ஐடா. ஆம்பளை பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டாங்க. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனாங்க. அவர்கள் ஒரே சாதியோ ஒரே மதமோ இல்லை. ஆனால் மூவரையும் ஒரே கட்டுப்பாடு கொன்றது.

ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர் ஒருத்தர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? பக்கத்தில் நிற்க, ராத்திரி முழுக்கக் கவனிக்கப் படித்த பெண்கள் வேணும். அதனால் 1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸோடு சேர்ந்து நர்சிங் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது. டாக்டர் படிப்புக்கு 9 வருஷம் முன்னாலேயே அங்கே நர்ஸ் படிப்பு வந்துவிட்டது என்பதை நாம் கவனிக்கணும்.

பெண் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லா சாதிக்காரங்களையும் தொடணும், மலம் மூத்திரம் எடுக்கணும், ராத்திரி வெளியே தங்கணும். எந்த வீட்டில் அனுப்புவாங்க? அதனால் ஆரம்பத்தில் படித்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். ஊர் பேசியதைத் தாங்கிக்கொண்டு அவர்கள் போட்ட பாதையில்தான் பின்னால் நாமெல்லாம் நடந்தோம். 1946-ல் வேலூரில் நர்சிங் பட்டப் படிப்பே வந்தது.

பெயரைக் காத்த பதிவேடு

இதில் அதிகம் பேசப்படாத வருஷம் 1926. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. முறையாகப் படித்துத் தேறியவர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறணும் என்ற ஏற்பாடு அதனால் வந்தது. 1947-ல் நாடு முழுவதுக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. நெல்லுக்கும் பழஞ்சேலைக்கும் செய்த வேலை, சம்பளமும் பதிவு எண்ணும் உள்ள தொழிலானது இப்படித்தான்.

கிராமத்தில் நாங்கள்

1980-களில் நான் ஏ.என்.எம். படித்தபோது பயிற்சி 18 மாசம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஊருக்குப் போனதும் எனக்கு முதல் துணை, அந்த ஊர் மருத்துவச்சிப் பாட்டிதான். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கா என்பது அவருக்குத்தான் தெரியும். அவர்களைப் போன்றவர்களுக்கு அரசு பயிற்சி கொடுத்தது. நாங்கள் சொல்லித் தந்தது ஐந்து சுத்தம்: சுத்தமான கை, சுத்தமான இடம், புது பிளேடு, சுத்தமான நூல், மருந்து எதுவும் வைக்காத சுத்தமான தொப்புள். அதோடு கர்ப்பிணிக்குத் தடுப்பூசி. ரண ஜன்னி குறைந்தது இதனால்தான்.

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60-க்குச் சற்று மேலான பிரசவங்களே ஆஸ்பத்திரியில் நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் அது 99.6. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் இறக்கும் தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ராத்திரி பகல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்கும் நர்சுகள் இல்லாமல் இது நடந்திருக்காது. அந்தப் பாட்டிகளுக்கோ பதிவேட்டில் இடம் கிடைக்கவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. அவர்களையும் இந்த மலரில் நன்றியோடு நினைக்கணும்.

கடன் வாங்கும் முன்

இந்தக் கதையில் நமக்கு ஒரு வேலை இருக்கு. "ஆறு மாசத்தில் நர்ஸ்", "ஒரே வருஷத்தில் வேலை நிச்சயம்" என்று போர்டு வைத்துப் பணம் பிடுங்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே படித்த பெண் பதிவேட்டில் ஏற முடியாது. சட்டப்படி அவள் நர்ஸ் இல்லை. அரசு வேலைக்கும் போக முடியாது. கடன் மட்டும் அம்மா தலையில் நிற்கும்.

ஏ.என்.எம். இப்போது 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பட்டப் படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கணும். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்க. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடிகிற படிப்பா? பட்டப் படிப்பு என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி? இரண்டுக்கும் வாய்ப்பேச்சை நம்பாமல் ஆதாரத்தைக் கேளுங்க.

அந்தக் காகிதத்தைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாங்க. எல்லாரும் சேர்ந்து பார்த்த பிறகு கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவோம்.