ஒரகடம் ஆலை கைமாறியாச்சு... இனி நிசான் காரை தயாரிக்கப்போவது யார்?

புதுக்கோட்டையில் ஐடிஐ, டிப்ளமோ முடிச்சிட்டு ஒரகடம் பக்கம் வேலை தேடுறவங்களுக்கு நிசான் பழக்கமான பெயர்தான். இந்த ஜப்பான் நிறுவனம் பிரான்ஸின் ரெனால்ட்டுடன் சேர்ந்து 2010-ல் அங்கே ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் கார்களுக்கு மேல் தயாரிக்கலாம், பெரிய ஆலைதான். ஆனால் அது இப்போ நிசான் கையில் இல்லை. தன்னிடமிருந்த 51 சதவீதப் பங்கையும் 2025-ல் ரெனால்ட்டுக்கே விற்றுவிட்டது.

ஏன்? நிசானுக்கு ஒரே நிதியாண்டில் சுமார் 67,000 கோடி யென் நஷ்டம். உலகம் முழுக்க 20,000 பணியிடங்களைக் குறைத்து, 17 ஆலைகளை 10 ஆக்கப் போவதாக அறிவித்தது. சொந்த ஊரும் தப்பலை: யோகோசுகாவின் ஒப்பாமா ஆலையில் 2028 மார்ச்சுடன் கார் உற்பத்தி நிற்கிறது.

அப்போ மேக்னைட்? அது நிற்கலை. அதே ஒரகடத்தில் ரெனால்ட் தயாரித்துக் கொடுக்கும். இந்தியாவில் விற்பதும், 65-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புவதும் நிசான் வேலை. ஆலை வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்க மட்டும், இனி ரெனால்ட் அறிவிப்பைத்தான் பார்க்கணும்.