எண்பது மணி நேரத்தில் வெடித்த குழாய்

இன்னிக்கு சோத்துல இருந்து ஆரம்பிக்கலாம். மனுஷங்க உடம்புல இருக்கிற நைட்ரஜன்ல ஏறக்குறைய பாதி, ஏதோ ஒரு உரத் தொழிற்சாலையோட உலையில உருவாகி, பயிர் வழியா வந்ததுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. ஹேபர் முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதுதான். ஆனா அந்தப் பேர்ல நாம விட்டுடுற ஆள் கார்ல் போஷ்.

1898ல வில்லியம் க்ரூக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் விஞ்ஞானி எச்சரிச்சார்: உரத்துக்கு சிலி நாட்டு வெடியுப்பையே நம்பியிருந்தா, கோதுமை பத்தாமப் போயிடும். காத்துல நைட்ரஜன் கொட்டிக் கிடக்கு, பிடிக்கத்தான் வழி இல்ல. 1909ல ஜெர்மனியில, கார்ல்ஸ்ரூஹ நகரத்துல, ஃப்ரிட்ஸ் ஹேபர் வழி காட்டினார். மேசை மேல ஒரு சின்னக் கருவி. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் உள்ள போய், சொட்டுச் சொட்டா அமோனியா வந்துச்சு. நம்ம பாஷையில, டெமோ ஓகே.

புரொடக்‌ஷன் வேலை பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில இருந்த போஷ் தலையில விழுந்துச்சு. காத்தழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம், 500 டிகிரிக்கு மேல சூடு. சோதனைக்கு வெச்ச ஸ்டீல் குழாய்கள் சுமார் 80 மணி நேரம் ஓடிட்டு வெடிச்சிடுச்சு. நல்லவேளை, கான்கிரீட் அறைக்குள்ள வெச்சிருந்தாங்க.

போஷ் கெமிஸ்ட்ரியோட உலோகவியலும் படிச்சவர். வெடிச்ச குழாயை ஆராய்ஞ்சப்போ காரணம் கிடைச்சுது. ஸ்டீலுக்கு பலம் தர்றது அதுல இருக்கிற கொஞ்சம் கார்பன். ஹைட்ரஜன் சுவருக்குள்ள ஊடுருவி, அந்தக் கார்பனோட சேர்ந்து மீத்தேனா மாறுது. ஸ்டீல் மொறுமொறுன்னு ஆகி விரிசல் விடுது. தடிமனைக் கூட்டினாலும் கதை அதேதான், அதுலயும் கார்பன் இருக்கே!

1911ல போஷ் வேலையை ரெண்டாப் பிரிச்சார். உள்ள, கார்பன் மிகக் குறைவான தேனிரும்பு உறை. பலம் கம்மி, ஆனா ஹைட்ரஜனால அதைக் கெடுக்க முடியாது. வெளிய, அழுத்தத்தைத் தாங்க கனமான ஸ்டீல். சரி, உறையைத் தாண்டிக் கசியுற ஹைட்ரஜன்? வெளிச்சுவர்ல சின்னச் சின்ன ஓட்டை போட்டுட்டார். அழுத்தம் சேர்றதுக்கு முன்னாடியே வாயு வெளியேறிடும். கசிவை அடைக்கப் போராடாம அதுக்கு வழி விட்டார் பாருங்க, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

1913 செப்டம்பர்ல ஓப்பாவ் ஆலை ஓட ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமே முதல் உலகப் போர். பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையில ஜெர்மனிக்கு சிலி வெடியுப்பு நின்னுபோச்சு. வயலுக்குப் போகவேண்டிய அமோனியா நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்துக்குப் போச்சு. இதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரல.

ஹேபருக்கு 1918க்கான நோபல், போஷுக்கு 1931ல. 1921ல செஞ்ச உலை ஒண்ணு, ஹேபர் டெமோ காட்டின அதே கார்ல்ஸ்ரூஹ கல்வி நிறுவனத்தோட வளாகத்துல இன்னும் நிக்குது.