கிடையும் கூறும்: திருச்செந்தூர் வட்டாரத்து ஆட்டுக் குடும்பங்களின் வரலாறு

திருச்செந்தூருக்கு மேற்கே விரியும் செம்மணல் தேரியிலும், அதற்கு வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம் வரை பரவிய கரிசல் நிலத்திலும் தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்த்த குடும்பங்களுக்கு, நிலத்தைவிட மந்தையே பெரிய சொத்தாக இருந்தது. மந்தை என்பது இங்கு ஆடுகளின் எண்ணிக்கையை மட்டும் குறிக்காமல், தந்தை மகனுக்கு ஒப்படைத்த ஒரு வம்சாவளியையும் குறித்தது.

மந்தைக்கும் அதை வளர்த்தவருக்கும் உள்ள இவ்வுறவின் பழமைக்குக் கோயில் கல்வெட்டுகள் சான்றாகின்றன. நந்தாவிளக்கு, அதாவது அணையாது எரியும் விளக்கு, எரிக்க நெய் வழங்கும் பொறுப்புடன் இடையரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அளவாக இருந்தது. எண்ணிக்கைக்கு மேற்பட்ட கிடாய்க்குட்டிகள் வளர்த்தவருக்கு ஆதாயமாயின என்று கொள்ள இடமுண்டு.

ஆயினும் நெடுங்காலம் இக்குடும்பங்களின் முதன்மை வருவாய் இறைச்சியன்று, எருவே. அறுவடைக்குப் பின் வயலில் இரவுதோறும் ஆடுகளை அடைத்து, அவற்றின் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் மண்ணுக்கு உரமூட்டுவதே 'கிடை போடுதல்' ஆகும். இதற்கு நிலக்காரர் தானியமாகவும் பிற்காலத்தில் பணமாகவும் கூலி அளந்தனர். பகலில் தாயாடுகள் மேய்ச்சலுக்குச் செல்லும்போது, இளங்குட்டிகள் 'குடாப்பு' என்னும் கவிழ்த்த கூடை போன்ற கூட்டில் காக்கப்பட்டன. கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் குறுநாவலுக்குக் 'கிடை' என்றே பெயரிட்டது, இவ்வாழ்முறை அங்கு எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

இறைச்சியைக் குடும்பமே விற்ற முறை 'கூறு போடுதல்' எனப்பட்டது. தீபாவளியன்றும், பொங்கலையடுத்த கரிநாளிலும் ஓர் ஆட்டை அறுத்து, சதை, எலும்பு, ஈரல், குடல் ஆகிய அனைத்திலும் சிறிது சிறிது வைத்துச் சம குவியல்களாகப் பிரித்துப் பனையோலையில் பொதிந்து கொடுத்தனர். எடைக்கல் இல்லாத இம்முறையில், நல்ல பகுதி ஒருவருக்கும் எஞ்சியது மற்றொருவருக்கும் என்ற வேறுபாடு எழவில்லை. பணம் இல்லாதோர் அறுவடையில் தானியமாகக் கொடுப்பதும் உண்டு.

கடற்கரை இத்தொழிலுக்கு மூன்று நாட்காட்டிகளைத் தந்தது. சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களுக்கு நேர்ந்துவிட்ட கிடாய், காயல்பட்டினத்தில் பக்ரீத் குர்பானிக்குக் குறையற்ற, வயது நிரம்பிய கிடாய், வீரபாண்டியன்பட்டினம் போன்ற பரதவர் ஊர்களில் தவக்காலம் முடிந்த ஈஸ்டருக்குக் கறியாடு என ஒரே மந்தை மூன்று சமயத்தாரின் திருநாள்களுக்கும் பயன்பட்டது. இதனால் எக்குட்டியை எப்போது விற்பது என்பது குடும்ப அறிவாகவே வளர்ந்தது. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்த 2003இல் அரசு ஆணையிட்டபோது கொடை விழாக்கள் கலக்கமுற்றன. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

1960களுக்குப் பின் இரசாயன உரம் பரவவே கிடைக்கூலி சுருங்கியது. இறைச்சியே முதல் வருவாயாக, எட்டயபுரம் ஆட்டுச்சந்தையும் தரகர்களின் கையும் வலுப்பெற்றன. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் பழைய சந்தை வழக்கில், ஆட்டை வளர்த்தவருக்கும் அதன் கறியை உண்பவருக்கும் இடையே இருந்த நேர்த்தொடர்பு அறுபட்டது.

இவ்வளவு மாற்றத்திற்கிடையிலும் எஞ்சியவை இனங்களே. உயர்ந்து மெலிந்த கால்களையுடைய கொடி ஆடு, வெள்ளையில் கரும்புள்ளியுடைய கரும்போரை, செம்புள்ளியுடைய செம்போரை என இருவகைப்படும். செம்மறி மந்தைக்கு முன்னே நடந்து வழிகாட்டுவதற்கும் இதனையே சேர்த்தனர். 'பொட்டு ஆடு' எனப்படும் வேம்பூர்ச் செம்மறியும், கீழக்கரிசல் செம்மறியும் இம்மண்ணின் வறட்சியைத் தாங்கி வளர்ந்தவை. இவ்வினங்களைக் காத்தது, திருநாள் விலைக்கு ஆசைப்பட்டுச் சிறந்த பொலிகிடாயை விற்றுவிடாமல், அதனை அடுத்த ஈற்றுக்கு நிறுத்திவைத்த குடும்பங்களின் பொறுமையே ஆகும். ஆகவே அரசும் சந்தையும் கறியின் எடைக்கு மட்டும் விலை வைக்காமல், இனம் காக்கும் அக்குடும்பங்களின் உழைப்புக்கும் விலை வைக்க வேண்டும்.