பன்றி வேட்டையிலிருந்து பேரரசின் பெயருக்கு: ‘டாய்ச்ச டோக’ நாயினத்தின் வரலாறு

‘கிரேட் டேன்’ என ஆங்கிலத்தில் வழங்கும் நாயினத்தின் தாயகம் டென்மார்க் அன்று, செருமனியே. 16ஆம் நூற்றாண்டில் செருமானிய அரசவையினர் உயரமும் வலிமையும் மிக்க கலப்பின நாய்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தனர். ‘டோக’ என்னும் செருமானியச் சொல்லும் ‘டாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததே.

காட்டுப்பன்றியைத் துரத்திப் பற்றி, வேட்டையாளர் ஈட்டியால் குத்தும்வரை அசையவிடாது நிறுத்துவதே இந்நாய்களின் பணி. பன்றியின் கோரைப்பற்களால் கிழிபடாதிருக்க அவற்றின் காதுமடல்கள் நறுக்கப்பட்டன. துப்பாக்கியின் பரவலால் இவ்வேட்டைமுறை அருகியது. நாய்கள் செல்வர் மாளிகைகளின் பெருமிதச் சின்னங்களாயின.

1871இல் செருமானியப் பேரரசு உருவாயிற்று. 1878இல் பெர்லினில் கூடிய குழுவினர், வெவ்வேறு பெயர் பெற்றிருந்த இந்நாய்களை ‘டாய்ச்ச டோக’, அதாவது ‘செருமானிய டோக’ என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தனர். 1880இல் இனவரையறையும் 1888இல் வளர்ப்போர் சங்கமும் தோன்றின. பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இந்நாய்களை வளர்த்தமை அவற்றின் புகழைப் பெருக்கியது.

இக்கால வரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது. வேட்டைக்களத்தில் நாயின் மதிப்பை அதன் திறனே அறுதியிட்டது. கலப்பு அங்குக் குறையாகக் கருதப்படவில்லை. பணி மறைந்த பின்னரே தோற்றமும் தூய்மையும் அளவுகோல்களாயின. அயல்நாட்டுக் கலப்பில் பிறந்த நாய் தேசிய இனமாக அறியப்பட்டது இயற்கையின் விளைவன்று, பெயரிடலின் விளைவாகும்.